புரதச் சங்கிலியின் முனைகளை அடைக்கும் மாற்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறவன் நான். வகுப்பில் எழும் கேள்விகள், வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் படிக்கப் போன பழைய மாணவர்கள் அனுப்பும் கேள்விகள், கிளினிக் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் கேள்விகள் எல்லாம் இங்கே கலந்து கிடக்கின்றன. பொதுவானவை முதலில் வரும், ஆய்வுகூடத்தில் நிற்பவர்களுக்கானவை பின்னால் வரும். வேண்டியதை மட்டும் எடுத்து வாசிக்கலாம்.

முனை என்பது எது? அதை அடைப்பது என்றால் என்ன?

ஒரு அமினோ அமிலத்தின் காபொட்சைல் கூட்டமும் அடுத்ததன் அமினோ கூட்டமும் சேர்ந்து, நடுவில் ஒரு நீர் மூலக்கூறு கழன்று, பெப்தைட்டுப் பிணைப்பு உண்டாகிறது. இப்படி எத்தனை நூறு கோத்தாலும் முதலாவதின் அமினோ கூட்டமும் கடைசியின் காபொட்சைல் கூட்டமும் இணைய ஆளில்லாமல் மிஞ்சும். அவைதான் சங்கிலியின் இரண்டு முனைகள். உடலின் பி.எச். அளவில் அமினோ முனை நேர் ஏற்றத்துடனும் காபொட்சைல் முனை மறை ஏற்றத்துடனும் இருக்கும். அந்த மிஞ்சிய கூட்டத்தோடு வேறொரு சிறு கூட்டம் வந்து பிணைந்து, ஏற்றத்தை இல்லாமல் செய்துவிட்டால் முனை அடைபட்டது என்கிறோம்.

மருதமுனைக் கைத்தறிச் சாரனின் ஓரத்தை மடித்துத் தைக்காவிட்டால் நூல் நூலாகக் கழன்று வரும். புரதத்தையும் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும் நொதியங்கள் இருக்கின்றன. அமினோபெப்திடேசு ஒரு பக்கத்திலிருந்தும் காபொட்சிபெப்திடேசு மறுபக்கத்திலிருந்தும் தொடங்கும். இரண்டுக்கும் பொதுவாகப் பிடிமானம் தருவது அந்த வெறும் முனைதான். முனை அடைபட்டிருந்தால் அவற்றுக்குத் தொடங்க இடமில்லை.

ஆனால் பாதுகாப்பு பாதிக் கதைதான். பாடக்குறிப்புகள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகின்றன என்பது என் குறை. அடைபட்ட முனையை வேறொரு மூலக்கூறு அடையாளம் காண்பதுதான் மற்றப் பாதி. கீழே வரும் உதாரணங்களில் பல அந்த வகை.

அசற்றைல் கூட்டம் ஒட்டுவது பெப்தைட்டுப் பிணைப்பிலிருந்து வேறா?

இல்லை. அசற்றைல் என்பது அமினோ முனையை அடைக்கும் சிறு கூட்டங்களில் ஒன்று. இரண்டும் இரசாயனத்தில் ஏமைட்டுப் பிணைப்புத்தான், அதாவது காபொட்சைல் கூட்டத்தின் காபனும் ஒரு நைதரசனும் சேரும் பிணைப்பு. ஒட்டுவது அமினோ அமிலம் இல்லை என்பதுதான் வித்தியாசம். அதனால் சங்கிலி அந்தப் பக்கம் மேலே நீளாது.

மனித உடலில் எத்தனை புரதங்களுக்கு இப்படி அடைபட்டிருக்கும்?

மாணவர்கள் நம்ப மறுக்கும் எண்ணிக்கை இது. மனிதக் கலங்களில் உள்ள புரதங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு அமினோ முனையில் அசற்றைல் கூட்டம் இருக்கிறது. மதுவத்தில் இது பாதிக்கு மேல். பற்றீரியாவில் மிக அரிது. எங்கள் பாடப்புத்தகங்களில் சங்கிலியின் தொடக்கத்தில் எப்போதும் வெறும் அமினோ கூட்டம் வரைந்திருப்பதால், அதுதான் வழமை என்று மனதில் பதிந்துவிடுகிறது. கலத்துக்குள்ளே வெறும் முனைதான் விதிவிலக்கு.

வேலை நடப்பது, புரதச் சங்கிலி கோக்கப்படும் இரைபோசோமின் வாசலிலேயே. ஒவ்வொரு புரதமும் மெதியோனினில் தொடங்கும். இரண்டாவது இடத்தில் செரீன், அலனீன், கிளைசீன், திரியோனின் போன்ற சிறிய அமினோ அமிலம் இருந்தால், ஒரு நொதியம் அந்த மெதியோனினை வெட்டிவிடும். புதிதாக வெளித்தெரியும் முனையில் இன்னொரு நொதியம், அசற்றைல் கோ-ஏ என்ற மூலக்கூறிலிருந்து அசற்றைல் கூட்டத்தை எடுத்து ஒட்டும். இரண்டாவது இடத்தில் அஸ்பாற்றிக் அமிலமோ குளுற்றமிக் அமிலமோ இருந்தால் மெதியோனின் வெட்டப்படாது. அதன் மேலேயே அசற்றைல் ஏறும். இந்த நொதியங்களுக்கு நாற்-ஏ, நாற்-பி என்று வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சங்கிலியின் பின்பாதி இன்னும் கோக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே முன்முனை அடைபட்டு முடிந்துவிடும்.

இதை முதலில் கண்டவர் ஜப்பானியரான கோசோ நரிற்றா. 1958இல் புகையிலைச் சித்திர வைரசின் மேலுறைப் புரதத்தில், தொடக்கத்திலிருந்த செரீனில் அசற்றைல் கூட்டம் இருப்பதைக் காட்டினார்.

ஒட்டியதைக் கழற்ற முடியுமா?

லைசீன் என்ற அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலியில் ஏறும் அசற்றைலைக் கழற்றக் கலத்தில் நொதியங்கள் நிறைய உண்டு. டி.என்.ஏ. சுற்றிக்கிடக்கும் இஸ்ரோன் புரதங்களில் அது ஏறுவதும் இறங்குவதும் அன்றாடம் நடப்பது. சங்கிலியின் அமினோ முனையில் ஏறியது அப்படி இல்லை. புரதம் முழுசாக இருக்கும்வரை அது இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதும் விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

அது இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

ஒரு புரதத்துக்கு ஒரு விதம். தசையிலுள்ள திரொப்போமையோசினை எடுத்துக்கொள்வோம் (இறால் ஒவ்வாமைக்குப் பிரதான காரணமும் இறாலின் இதே புரதம்தான்). அது அக்ரின் இழையோடு ஒட்டி நிற்க வேண்டும். தசையின் திரொப்போமையோசினைப் பற்றீரியாவில் தயாரித்தால் வரிசை ஒரு எழுத்தும் பிசகாமல் வரும், ஆனால் அக்ரினோடு சரியாக ஒட்டாது. பற்றீரியா அதன் முனையில் அசற்றைல் ஏற்றாததுதான் காரணம். ஆய்வாளர்கள் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அலனீன், செரீன் என்று இரண்டு அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் சேர்த்தால், அசற்றைல் செய்யும் வேலையை அவை ஓரளவு ஈடுசெய்யும்.

மனிதரில் இதன் விலை கனமானது. நாற்-ஏ நொதியத்தின் ஒரு பகுதியை உண்டாக்கும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அந்தப் புரதத்தின் 37ஆவது இடத்தில் செரீனுக்குப் பதில் புரோலீன் வந்த குடும்பங்களில் ஆண் குழந்தைகள் முதுமை தெரியும் தோலோடும் இதயக் கோளாறுகளோடும் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இறந்தார்கள். 2011இல் இது விளக்கப்பட்டது. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் முதலில் அறியப்பட்ட குடும்பம் வாழ்ந்த ஊரின் பெயரால் ஒக்டன் நோய்க்கூட்டம் என்று சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அசற்றைல் ஏறிய முனையையே "இதை அழி" என்ற குறியாகச் சில நொதியங்கள் வாசிப்பதாக அலெக்சாண்டர் வர்ஷவ்ஸ்கியின் குழு 2010இல் காட்டியது. அதனால் "அசற்றைல் ஏறினால் புரதம் நீண்ட நாள் வாழும்" என்று ஒரே வரியில் எழுத வேண்டாம். எந்தப் புரதம், எந்த முனை, அந்த முனை மடிப்புக்குள் மறைந்திருக்கிறதா வெளியே தெரிகிறதா என்பதைப் பொறுத்தது.

பற்றீரியா முனையை அடைப்பதே இல்லையா?

அடைக்கும், வேறு கூட்டத்தால். பற்றீரியாவின் புரதங்கள் போமைல் கூட்டம் ஏறிய மெதியோனினில் தொடங்குகின்றன. பிறகு பெரும்பாலானவற்றில் போமைல் கழற்றப்படும். கழற்றாமல் தப்பிய துண்டுகள் காயத்தில் கசியும்போது எங்கள் வெண்குழியங்களில் ஒரு வகையான நியூத்திரோபில்கள் அவற்றை உடனே உணர்ந்து, செறிவு கூடிய பக்கமாக நகர்கின்றன. மெதியோனின், லூசீன், பீனைலலனீன் என்ற மூன்றே அமினோ அமிலங்கள், முன்னால் ஒரு போமைல். அவ்வளவு சிறிய துண்டே அவற்றை அழைக்கப் போதும். போமைலை எடுத்துவிட்டால் அழைப்பின் வலு பெருமளவு போய்விடும்.

எங்கள் இழைமணிகளும் தங்கள் புரதங்களைப் போமைல் மெதியோனினில்தான் தொடங்குகின்றன. பற்றீரியா வம்சத்தின் மிச்சம் அது. பெரிய விபத்தில் தசை நசுங்கி இழைமணிகள் உடைந்தால், கிருமி எதுவும் இல்லாமலே உடல் கிருமித்தொற்று வந்ததுபோல் அழற்சி காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பைரோகுளுற்றமேற்று என்று ஒரு பெயர் அடிக்கடி வருகிறது. அது யார் ஒட்டுவது?

யாரும் ஒட்டுவதில்லை. அதுதான் அதில் ரசிக்க வேண்டியது. சங்கிலியின் முதல் அமினோ அமிலம் குளுற்றமீனாக இருந்தால், அதன் பக்கச் சங்கிலி வளைந்து வந்து தன் சொந்த அமினோ முனையோடு பிணைந்து ஐந்து அணுக்கள் கொண்ட வளையமாகிவிடும். ஒரு அமோனியா மூலக்கூறு வெளியேறும். வெளியிலிருந்து எதுவும் சேராமலே முனை அடைபட்டது. குளுற்றமிக் அமிலமும் இதைச் செய்யும். அப்போது வெளியேறுவது நீர், வேகமும் மிகக் குறைவு.

சோதனைக்குழாயில் தானாகவே மெல்ல நடக்கும் இந்த வேலையை உயிரிகளில் ஒரு நொதியம் விரைவுபடுத்துகிறது. அது முதலில் கண்டறியப்பட்டது 1963இல், பப்பாசிப் பாலில். ஆம், வேலியோரத்துப் பப்பாசிக்காயைக் கீறினால் வடிகிறதே, அதே பால். பிறகுதான் விலங்குகளிலும் அது இருப்பது தெரிந்தது.

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலோயிட் பெப்தைட்டிலும் ஒரு பகுதி இப்படி முனை வெட்டுப்பட்டு, பைரோகுளுற்றமேற்றால் அடைபட்டு இருக்கிறது. கழற்றக் கடினம், ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதும் அதிகம். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டொனனெமாப் என்ற பிறபொருளெதிரி மருந்து குறிவைப்பது அந்த முனையைத்தான்.

"முனை அடைபட்ட புரதம் சமிக்காது எண்டா, நாங்க சாப்பிடுற இறைச்சி மறுகா எப்படிச் சேர் சமிக்கும்?"

நல்ல கேள்வி. பெப்சினும் திரிப்சினும் முனைக்காகக் காத்திருப்பதில்லை, சங்கிலியின் நடுவிலேயே வெட்டும். ஒரு வெட்டு விழுந்ததும் புதிதாக இரண்டு வெறும் முனைகள் கிடைக்கும். அப்புறம் ஓரத்திலிருந்து கழற்றுகிறவர்களுக்கும் வேலை வந்துவிடும். மாட்டிறைச்சியை மெதுவாக்கப் பப்பாசிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதிலுள்ள பப்பேனும் நடுவில் வெட்டுகிற சாதி. எனவே முனையடைப்பு முழு நீளப் புரதத்துக்குச் சமிபாட்டிலிருந்து தப்ப வழி இல்லை. மூன்று முதல் பத்து அமினோ அமிலம் வரையான குட்டிப் பெப்தைட்டுக்குத்தான் அது உண்மையில் பெரிய பாதுகாப்பு, ஏனென்றால் அங்கே நடு என்று பெரிதாக எதுவும் இல்லை.

இரண்டு முனையும் அடைபட்ட மூலக்கூறுக்கு ஒரு உதாரணம்?

ரி.ஆர்.எச். மூளையின் ஐப்போதலமசு சுரக்கும் இந்த ஓமோன், கபச்சுரப்பி வழியாகத் தைரொயிட்டுச் சுரப்பியைத் தூண்டுகிறது. இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடைபட்ட முனை ஆய்வாளர்களை எப்படி அலைக்கழிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் ரோஜர் கில்லெமினின் குழு செம்மறியாட்டு மூளைகளையும், ஆண்ட்ரூ ஷாலியின் குழு பன்றி மூளைகளையும் இலட்சக்கணக்கில் சேர்த்து அரைத்தன. இரண்டு குழுவுக்கும் இடையில் கடும் போட்டி. அத்தனை மூளைகளிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம் தூள். அதை நீர்ப்பகுத்தால் குளுற்றமிக் அமிலம், ஹிஸ்ரிடீன், புரோலீன் மூன்றும் சம அளவில் வந்தன. வரிசையை அறிய, அமினோ முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும் எட்மன் முறையை வைத்தால் எதுவும் கழலவில்லை. காபொட்சிபெப்திடேசு வைத்தாலும் அசையவில்லை. இது பெப்தைட்டே இல்லையோ என்ற சந்தேகமும் எழுந்தது.

மூன்று அமினோ அமிலங்களை அடுக்க ஆறு வரிசைகள்தான் உண்டு. ஆறையும் தொகுத்துப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் ஓமோன் வேலை இல்லை. பிறகு அவற்றை அசற்றைலேற்றும் இரசாயனத்தோடு சேர்த்தபோது குளுற்றமிக் அமிலம், ஹிஸ்ரிடீன், புரோலீன் என்ற வரிசையில் இருந்தது மட்டும் உயிர் பெற்றது. முனைக் குளுற்றமிக் அமிலம் வளைந்து பைரோகுளுற்றமேற்றாகியிருந்தது. மறுமுனைப் புரோலீனையும் ஏமைட்டாக மாற்றியபோது இயற்கை ஓமோனின் முழு வலுவும் வந்தது. 1969இல் அமைப்பு உறுதியானது. 1977இல் கில்லெமினும் ஷாலியும், ஓமோன்களின் அளவறியும் முறையைக் கண்ட ரோசலின் யாலோவோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, முனைகள் வெறுமையாக இருந்த அதே மூன்று அமினோ அமிலங்களைக் கபச்சுரப்பியின் வாங்கி (ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) திரும்பியும் பார்க்கவில்லை என்பதே. வாங்கி பிடித்துக்கொள்வது அடைபட்ட முனைகளையும் சேர்த்துத்தான்.

காபொட்சைல் முனையை ஏமைட்டாக்குவது எப்படி நடக்கிறது?

மாணவர்கள் பலர் அமோனியா வந்து ஒட்டுவதாக நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஓமோன் முதலில் ஒரு கிளைசீன் கூடுதலாக வைத்த நீளத்தில் உருவாகிறது. பாம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதியம் அந்தக் கடைசிக் கிளைசீனைப் பிளக்கும். கிளைசீனின் நைதரசன் மட்டும் சங்கிலியில் நின்றுவிடும், மிச்சம் கிளையொட்சலேற்றாகப் போய்விடும். அந்த நின்ற நைதரசன்தான் ஏமைட்டு. இதற்குச் செம்பும் ஒட்சிசனும் விற்றமின் சி-யும் வேண்டும். விற்றமின் சி என்றால் கொலாஜன், பல் ஈறு என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

அறியப்பட்ட பெப்தைட்டு ஓமோன்களிலும் நரம்புப் பெப்தைட்டுகளிலும் ஏறத்தாழ பாதி இப்படி ஏமைட்டில் முடிகின்றன. பிரசவ விடுதியில் ஏற்றும் ஒட்சிரோசின் அதில் ஒன்று: ஒன்பது அமினோ அமிலங்கள், கடைசியில் கிளைசீன் ஏமைட்டு. அதை 1953இல் தொகுத்துக் காட்டிய வின்சென்ற் டு விக்னோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். ஏமைட்டை எடுத்து வெறும் அமிலமாக விட்டால் ஒட்சிரோசினின் வலு பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஏமைட்டு இருந்தும் அது இரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கிறது. அதனால்தான் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். அடைத்த முனை என்றால் நீண்ட ஆயுள் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த ஓமோன் நல்ல மறுமொழி.

வாவி இறால் நிறம் மாறுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உயிருள்ள இறாலை வெளிர் நிறப் பாத்திரத்தில் விட்டால் கொஞ்ச நேரத்தில் வெளிறிவிடும், கறுப்புப் பாத்திரத்தில் கருக்கும். தோலுக்குக் கீழே உள்ள கலங்களில் நிறமணிகள் ஒடுங்குவதும் விரிவதும்தான் காரணம். சிவப்பு நிறமணிகளை ஒடுங்கச் செய்யும் ஓமோன் இறாலின் கண்தண்டிலிருந்து வருகிறது. எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட அதன் அமைப்பை 1972இல் சுவீடனின் பெர்ன்லுண்டும் யோசெப்சனும் வடகடல் இறாலிலிருந்து கண்டறிந்தார்கள். முன்முனை பைரோகுளுற்றமேற்று, பின்முனை ஏமைட்டு. ரி.ஆர்.எச். போலவே இரண்டு பக்கமும் அடைப்பு.

மனிதரின் தோல் நிறத்தோடு தொடர்புள்ள ஆல்பா எம்.எஸ்.எச். ஓமோனும் இரண்டு பக்கமும் அடைபட்டதே, கூட்டங்கள்தான் கொஞ்சம் வேறு. 13 அமினோ அமிலங்கள். முன்னால் அசற்றைல், பின்னால் ஏமைட்டு.

சீனி வருத்தத்துக்கு எடுக்கும் எச்.பி.ஏ.1சி சோதனையும் முனை சம்பந்தப்பட்டது என்கிறீர்களே?

ஆம். கிளினிக் அட்டையில் 7.2, 8.5 என்று எழுதியிருக்கும் அந்தச் சதவீதம், ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியின் அமினோ முனையில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தின் அளவு. அந்தச் சங்கிலி வலீனில் தொடங்குகிறது. இரத்தத்தில் சுற்றும் குளுக்கோசு எந்த நொதியத்தின் உதவியும் இல்லாமல் அந்த வலீனின் அமினோ கூட்டத்தோடு சேர்கிறது. முதலில் சேர்வது தளர்வான, பிரியக்கூடிய பிணைப்பு. பிறகு அணுக்கள் இடம்மாறி உறுதியாகிவிடும். செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதனால்தான் இதை மூன்று மாதச் சீனி என்று வைத்தியசாலையில் சொல்கிறார்கள். முதல்நாள் இரவு பட்டினி கிடந்தாலும் இந்த எண் மாறாது.

நீரிழிவு நோயாளிகளில் இந்த ஈமோகுளோபின் கூடியிருப்பதை 1968இல் தெகிரானில் சாமுவேல் ரஹ்பர் கவனித்தார். இன்று 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்று கொள்கிறார்கள். புதிய அலகில் (மோலுக்கு இத்தனை மில்லிமோல் என்பது) அது 48. சர்வதேச ஒப்பீட்டு முறையிலோ அந்த முனையின் முதல் ஆறு அமினோ அமிலங்களை வெட்டி எடுத்து, சீனி ஏறியது எவ்வளவு, ஏறாதது எவ்வளவு என்று அளக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் சோதனை எப்போது பொய் சொல்லும் என்பதும் விளங்கும். செங்குழியங்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் சீனி ஏற நேரம் போதாது, எண் குறைவாகக் காட்டும். அண்மையில் இரத்தம் ஏற்றியவருக்கும் நம்ப முடியாது. இரும்புச்சத்துக் குறைபாட்டில் கூடுதலாகக் காட்டலாம். சிறுநீரகம் செயலிழந்து இரத்தத்தில் யூரியா ஏறியவர்களில், யூரியாவிலிருந்து வரும் சயனேற்று அதே வலீன் முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏற்றத்தை வைத்துப் பிரித்தறியும் பழைய முறைகள் அதையும் சீனி என்று எண்ணிவிடும். ராலி ஈமோகுளோபின் என்ற அரிய வகையில் முதல் வலீனுக்குப் பதில் அலனீன் வந்து, அதன் மேல் அசற்றைல் ஏறிவிடுகிறது. சீனி வருத்தமே இல்லாதவருக்கும் அத்தகைய கருவிகளில் எண் ஏறித் தெரியும். விரல்நுனிச் சீனிக்கும் இந்த எண்ணுக்கும் பொருத்தமில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு முறையால் அளக்க வழி உண்டு.

குளுக்கோசு ஏறியதை முழு அடைப்பு என்று சொல்லலாமா என்று வந்தாறுமூலை மாணவி ஒருவர் கேட்டிருந்தார். கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. அந்த நைதரசன் இன்னும் அமீன்தான், ஏமைட்டு ஆகவில்லை.

சீனி வருத்தத்துக்குத் தரும் சிற்றாகிளிப்ரின் மாத்திரை எந்த முனையில் வேலை செய்கிறது?

மாத்திரை எந்த முனையையும் அடைப்பதில்லை, முனையைக் கடிப்பவரை அடைக்கிறது. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 ஓமோன் இன்சுலின் சுரப்பைத் தூண்டும். அதன் காபொட்சைல் முனை ஏமைட்டாக அடைபட்டிருந்தாலும் அமினோ முனை திறந்தே இருக்கிறது. டி.பி.பி-4 என்ற நொதியம் அங்கிருந்து இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிட, ஓமோன் ஓரிரு நிமிடத்தில் செயலிழக்கும். சிற்றாகிளிப்ரின் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. இப்போது எல்லோரும் பேசும் செமாகுளுற்றைட் ஊசியில் வேறு வழி: இரண்டாவது அமினோ அமிலத்தை இயற்கையில் புரதங்களில் வராத ஒன்றாக மாற்றி, நொதியம் வெட்ட முடியாமல் செய்திருக்கிறார்கள்.

முகச் சுருக்கத்துக்குப் பூசும் சீரம் போத்தலில் "அசற்றைல் ஹெக்ஸாபெப்டைட்-8" என்று எழுதியிருக்கிறது. வேலை செய்யுமா?

ஆறு அமினோ அமிலங்கள், முன்னால் அசற்றைல், பின்னால் ஏமைட்டு. நரம்பு முனையில் இருக்கும் ஸ்னாப்-25 என்ற புரதத்தின் ஒரு துண்டைப் பார்த்துச் செய்தது. முனைகளை அடைத்ததற்குக் காரணம் நியாயமானது: தோலின் நொதியங்களிலிருந்து காப்பது, ஏற்றத்தைக் குறைப்பது. ஆனால் தோலின் மேற்படையைத் தாண்டி நரம்பு வரை போவது அவ்வளவு பெரிய, நீரில் கரையும் மூலக்கூறுக்கு மிகக் கடினம். என்னைக் கேட்டால், எங்கள் வெயிலுக்கு அந்தக் காசில் நல்ல சன்கிரீம் ஒன்று வாங்குவேன்.

எட்மன் முறையில் என் புரதத்துக்கு வரிசையே வரவில்லை. "முனை அடைபட்டுள்ளது" என்று அறிக்கை வந்திருக்கிறது. என்ன செய்வது?

பெர் எட்மன் 1950இல் தந்த முறை, பீனைல் ஐசோதயோசயனேற்று வெறும் அமினோ கூட்டத்தோடு வினைபுரிவதை நம்பி நிற்கிறது. அதற்கு முன் பிரெட் சாங்கர் இன்சுலினில் கையாண்ட முறையும் அப்படியே. இன்சுலினின் இரண்டு சங்கிலிகளும் வெறும் முனையோடு இருந்தது அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. ஒன்று கிளைசீனிலும் மற்றது பீனைலலனீனிலும் தொடங்குவதை அவரால் காண முடிந்தது.

இன்று முதலில் திணிவு நிறமாலைமானிக்கு அனுப்புங்கள். அதற்கு முனை அடைபட்டிருந்தாலும் கவலை இல்லை, எதிர்பார்த்த திணிவிலிருந்து வரும் வித்தியாசமே அடைத்தது எது என்று சொல்லிவிடும். 42 டால்டன் (மூலக்கூறுத் திணிவின் அலகு) கூடியிருந்தால் அசற்றைல், 28 என்றால் போமைல், 210 என்றால் மிரிஸ்ரிக் கொழுப்பமிலம். 17 குறைந்திருந்தால் குளுற்றமீன் வளைந்த பைரோகுளுற்றமேற்று. காபொட்சைல் முனை ஏமைட்டாகியிருந்தால் ஏறத்தாழ 1 டால்டன்தான் குறையும், கருவி துல்லியமாக இல்லாவிட்டால் கண்ணில் படாமலே போகும். எட்மனையே தொடர வேண்டும் என்றால் சயனசன் புரோமைட்டால் மெதியோனினுக்குப் பின்னே வெட்டி, உள்ளே கிடைக்கும் புதிய முனைகளிலிருந்து வாசிக்கலாம். பைரோகுளுற்றமேற்றை மட்டும் கழற்றும் நொதியமும் விற்பனைக்கு உண்டு.

43 கூடியிருந்தால்? பெரும்பாலும் அது உங்கள் கைவேலை, இயற்கையின் வேலை அல்ல. யூரியாக் கரைசலைச் சூடாக்கியிருப்பீர்கள், அல்லது பழைய கரைசலை எங்கள் வெப்பத்தில் வெளியே வைத்திருப்பீர்கள். சயனேற்று உண்டாகி முனையில் ஒட்டியிருக்கும். யூரியாவை அன்றன்றே கரையுங்கள், புரதம் சேர்த்தபின் சூடாக்காதீர்கள்.

செயற்கைப் பெப்தைட்டு வாங்கும்போது முனைகளை அடைத்து வாங்குவதா, திறந்து வாங்குவதா?

பெரிய புரதத்தின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஆராய்வதென்றால் முன்னால் அசற்றைல், பின்னால் ஏமைட்டு என்று கேளுங்கள். இயற்கையில் அந்த இடங்களில் ஏற்றம் இல்லையே. புரதத்தின் உண்மையான தொடக்கத்திலிருந்தோ முடிவிலிருந்தோ எடுத்தால் இயற்கையில் இருப்பதுபோலவே அந்தப் பக்கத்தை வையுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இரண்டு முனையையும் அடைத்தால் இரண்டு ஏற்றம் போய்விடும், நீரில் கரையாத பெப்தைட்டு இன்னும் கரையாது.

1963இல் மெரிபீல்ட் கொண்டுவந்த திண்மத் தொகுப்பு முறையில் ஒவ்வொரு படியிலும் முனையை எப்மொக் அல்லது பொக் என்ற கூட்டத்தால் தற்காலிகமாக அடைத்து, பிறகு கழற்றி, அடுத்ததைக் கோக்கிறார்கள். ஒரு படியில் கோக்கப்படாமல் தப்பிய சங்கிலிகளை அசற்றிக் அன்ஐதரைட்டால் நிரந்தரமாக அடைத்துவிடுவதும் உண்டு. நடுவில் ஒரு அமினோ அமிலம் விடுபட்ட சங்கிலிகள் வளர்ந்து, கடைசியில் பிரிக்க முடியாமல் கலந்து நிற்பதைத் தடுக்க அது.

முனையே இல்லாத புரதம் உண்டா?

உண்டு, உங்கள் வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூவில். 2011இல் அதில் சைக்கிளோதைட்டுகள் என்ற சிறு புரதங்கள் இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள், தலையும் வாலும் பெப்தைட்டுப் பிணைப்பால் இணைந்து வட்டமாக இருக்கும். நடுவில் மூன்று கந்தகப் பாலங்கள் குறுக்காகப் போகும். அடைக்க முனை இல்லை, கழற்றவும் முனை இல்லை. இந்த வகையில் முதலில் அறியப்பட்டது ஆபிரிக்காவில்: கொங்கோவில் பிரசவத்தை விரைவாக்கப் பெண்கள் ஒரு செடியை அவித்துக் குடித்தார்கள். அவித்த பிறகும், குடித்த பிறகும் அதன் பெப்தைட்டு அழியாமல் வேலை செய்ததுதான் ஆய்வாளர்களை ஈர்த்தது.

தலையையும் வாலையும் இணைக்கும் நொதியம் 2014இல் சிங்கப்பூரின் நன்யாங் பல்கலைக்கழகத்தில் சங்குப்பூச் செடியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. பியூற்றலேசு-1 என்று பெயர். சங்கிலியின் கடைப்பக்கத்தில் அஸ்பரஜீனை அடுத்து ஹிஸ்ரிடீனும் வலீனும் இருந்தால், அந்த இரண்டையும் கழற்றிவிட்டு அஸ்பரஜீனை நேராகத் தலையோடு பிணைத்துவிடும். அதை எடுக்கப் பயன்பட்டது பூ அல்ல, காய்.